டிபிராக் தினமும் செய்ய வேண்டுமா, பேஜ் பைலை நிறுத்தி விடலாமா?

திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட கொமினிகேஷன் நடத்தும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கடையில் இருப்பது ஐ3 கொம்பியூட்டர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. காலையில் போட்டால் வேலைக்கு வர ஐந்து நிமிடம் எடுக்கிறது. பயோடேட்டா அடிக்க வந்தவர்கள் வாசலில் நிற்க, வேர்ட் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு நண்பர் "தினமும் இரவு டிபிராக் பண்ணு, பேஜ் பைலை நிறுத்து, அது டிஸ்க்கைத் தின்கிறது" என்கிறாராம். இன்னொருவர் "நிறுத்தாதே, ரேமின் ஒன்றரை மடங்காக வைத்து டி டிரைவுக்கு மாற்று" என்கிறாராம். மூதூரில் படிப்பிக்கும் அக்காவின் லப்டொப்பில் தம்பி தானே ஒரு டிபிராக் மென்பொருளை இறக்கி வாராவாரம் ஓட்டி வருகிறாராம். இதெல்லாம் சரியா என்பதுதான் கேள்வி.

தம்பி, நான் உவர்மலையில் இருபது வருடமாகக் கொம்பியூட்டர் திருத்துகிறேன். முடிவை முதலில் சொல்லி விடுகிறேன். டிபிராக், அதாவது டிஸ்க்கில் துண்டு துண்டாகக் கிடக்கும் பைல்களை ஒன்றுசேர்ப்பது, கடைக் கொம்பியூட்டருக்கு உதவும், ஆனால் தினமும் தேவையில்லை. பேஜ் பைலை, அதாவது ரேம் நிரம்பும்போது மிச்சத்தை விண்டோஸ் இறக்கி வைக்கும் டிஸ்க் பைலை, நிறுத்தவே வேண்டாம். அக்காவின் லப்டொப்பில் இருப்பது எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத 'சொலிட் ஸ்டேட் டிரைவ்') என்றால் அந்த மென்பொருளை இன்றைக்கே கழற்றி விடுங்கள். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் டிஸ்க் சுகமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், முக்கியமான பைல்களை வேறு இடத்தில் கொப்பி எடுத்து வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் நான் ஒரு முறை பெரிய பிழை விட்டிருக்கிறேன்.

வேலை தொடங்கிய புதிதில் ஒரு அம்மா கொம்பியூட்டர் கொண்டு வந்தார். மெதுவாக இருக்கிறது, அவ்வளவுதான் முறைப்பாடு. நான் வேறொன்றும் பார்க்காமல் டிபிராக்கைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது பெட்டிக்குள் 'டிக், டிக், டிக்' என்று சீரான ஒரு சத்தம். பிறகு ஒரு இடைவெளி. மறுபடி அதே டிக். ஹார்ட் டிஸ்க்கின் வாசிக்கும் தலை, தான் தேடும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயற்சிக்கும் சத்தம் அது. அந்த டிஸ்க் ஏற்கெனவே சாகத் தொடங்கியிருந்தது. மெதுவானதற்குக் காரணமே அதுதான். சும்மா விட்டிருந்தால் இன்னும் சில நாள் ஓடியிருக்கும், பைல்களை எடுத்திருக்கலாம். டிபிராக் என்பது டிஸ்க்கில் கிடக்கும் பைல்களை வாசித்து, இன்னொரு இடத்தில் எழுதும் கடும் வேலை. நோயாளியை ஓட விட்டது போலாகி விட்டது. மகளின் சாமத்தியவீட்டுப் படங்கள் அத்தனையும் அதில்தான் இருந்தன. அந்த அம்மா என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. அன்றிலிருந்து எந்த டிஸ்க்கையும் பரிசோதிக்காமல் நான் டிபிராக் பொத்தானை அழுத்தியதில்லை.

பரிசோதிக்க ஐந்து நிமிடம் போதும். கிறிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச மென்பொருளை இறக்கித் திறந்தால், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்புகளைக் காட்டும். நீலமாக இருந்தால் பெரும்பாலும் நல்லது, மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் கைவிட வேண்டிய நிலை. நிறத்தோடு நிற்காமல் இரண்டு வரிகளைப் பாருங்கள். 'ரீஅலக்கேட்டட் செக்டர்' என்பது கெட்டுப்போன இடங்களுக்குப் பதிலாக டிஸ்க் தன் கையிருப்பிலிருந்து மாற்றிக்கொடுத்த இடங்களின் கணக்கு. 'கரண்ட் பெண்டிங் செக்டர்' என்பது வாசிக்க முடியாமல் சந்தேகத்தில் கிடக்கும் இடங்களின் கணக்கு. இரண்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். பெண்டிங் கணக்கு ஏறிக்கொண்டே போனால் டிபிராக்கும் வேண்டாம், டிஸ்க்கைத் திருத்துகிறேன் என்று செக் டிஸ்க்கும் போட வேண்டாம். முதலில் பைல்களை வெளியே எடுங்கள்.

கடற்கரை ஊர் என்பதால் நான் கூடுதலாகப் பார்க்கும் வரி ஒன்று உண்டு. 'சிஆர்சி எரர் கவுண்ட்' என்று இருக்கும். அது பெரும்பாலும் டிஸ்க்கின் குற்றமல்ல, டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையில் ஓடும் கேபிளில் தகவல் சிதைகிறது என்பதன் அடையாளம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கமிருந்து வரும் பெட்டிகளைத் திறந்தால் ஆணித்தலைகளில் துரு, கேபிள் முனையில் மங்கலான படலம். உப்புக்காற்று எதையும் விடாது. கேபிளை மாற்றி, ரேமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பப் பொருத்தியதோடு சரியான கொம்பியூட்டர்கள் என் கையால் நிறையப் போயிருக்கின்றன. உங்கள் கடை கடலுக்கு அவ்வளவு தூரமில்லை. பார்த்து விடுங்கள்.

சரி, டிஸ்க் சுகம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து அது எந்த வகை என்று தெரிய வேண்டும். ஸ்டார்ட்டில் 'டிபிராக்' என்று அடித்தால் 'டிபிராக்மெண்ட் அண்ட் ஒப்டிமைஸ் டிரைவ்ஸ்' என்ற சிறிய பெட்டி வரும். அதில் ஒவ்வொரு டிரைவுக்கும் நேரே 'மீடியா டைப்' என்று ஒரு நிரல் இருக்கும். 'ஹார்ட் டிஸ்க் டிரைவ்' என்றால் உள்ளே தட்டு சுழல்கிறது. 'சொலிட் ஸ்டேட் டிரைவ்' என்றால் சுழல எதுவுமில்லை. டிபிராக் வேண்டுமா வேண்டாமா என்பது இந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

துண்டு துண்டாவது எப்படி என்பதை விளங்கிக்கொள்ள கொழும்பிலிருந்து திருமலைக்கு வரும் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். கொழும்பில் நிறைந்து கிளம்புகிறது. குருநாகலில் இரண்டு பேர் இறங்குகிறார்கள், ஒருவர் முன்னுக்கு, ஒருவர் பின்னுக்கு. தம்புள்ளையில் இன்னும் மூன்று பேர், மூன்று மூலையில். அங்கே ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் ஏறுகிறது. சேர்ந்தாற்போல ஐந்து இருக்கை எங்கே இருக்கும்? ஆளுக்கொரு இடமாகத்தான் உட்கார முடியும். டிக்கட் கொடுக்க வரும் கொண்டக்டர் ஒரே குடும்பத்துக்காக முன்னுக்கும் பின்னுக்கும் ஐந்து தரம் நடக்க வேண்டும். டிஸ்க்கிலும் அதுதான். பைல்கள் அழிகின்றன, இடையிடையே இடைவெளி விழுகிறது, புதிய பைல் அந்த இடைவெளிகளில் பிய்ந்து உட்காருகிறது. விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎப்எஸ் முறையில் ஒரு இருக்கை பொதுவாக 4 கேபி.

கொண்டக்டரின் நடைதான் இங்கே செலவு. மேசைக் கொம்பியூட்டரில் இருக்கும் 500 ஜிபி டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7200 தரம் சுழலும். ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன். தேவையான இடம் தலைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லிசெக்கன் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் தலை சரியான தடத்துக்கு நகர 9 மில்லிசெக்கன் அளவில் ஆகும். மொத்தம் 13 என்று வையுங்கள். ஒரு செக்கனில் இப்படி 75 தாவல்கள்தான் முடியும். ஒரு தாவலுக்கு 4 கேபி எடுத்தால் செக்கனுக்கு 300 கேபி. அதே டிஸ்க், தாவாமல் நேராக வாசித்தால் செக்கனுக்கு 100 எம்பி அளவில் கொடுக்கும். முந்நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒரு பைல் ஆயிரம் துண்டாகக் கிடந்தால் அதைத் திறக்கத் தாவலுக்கு மட்டும் 13 செக்கன் போகிறது. டிபிராக் இந்த ஆயிரத்தை ஒன்றாக்குகிறது. ஆகவே சுழலும் தட்டில் அது வீண் வேலை அல்ல.

ஆனால் எல்லாத் துண்டும் ஒரே அளவு கெடுதல் செய்வதில்லை. 64 எம்பி நீளமுள்ள ஒரு துண்டை வாசிக்க 640 மில்லிசெக்கன் போகிறது. அதன் முடிவில் ஒரு தாவலுக்கு 13 மில்லிசெக்கன் என்றால் இரண்டு வீதம்தான் நட்டம். அதனால் விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ், 64 எம்பிக்கு மேற்பட்ட துண்டுகளைப் பொருட்படுத்துவதில்லை. சில மென்பொருள்கள் இவற்றையும் சிவப்பாகக் காட்டி "உங்கள் டிஸ்க் 38 வீதம் துண்டாகி விட்டது, உடனே வாங்குங்கள்" என்று பயமுறுத்தும். பெரிய படம், வீடியோ பைல் நாலைந்து துண்டாக இருந்தால் இருக்கட்டும். எக்ஸ்பி காலத்தில் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள் நகர்வதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு முழுதும் நீலமாகும் வரை மனம் ஆறாது. எனக்கும் அந்தக் காட்சி பிடிக்கும். வேகத்துக்கு அது தேவையில்லை.

விண்டோஸே இதை வாரத்துக்கு ஒரு முறை தானாகச் செய்யும்படிதான் வருகிறது. அந்தப் பெட்டியில் 'லாஸ்ட் ரன்' என்ற நிரலைப் பாருங்கள். கடைக் கொம்பியூட்டர்களில் அது பல மாதம் பழையதாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். பராமரிப்பு வேலைக்கு விண்டோஸ் வைத்திருக்கும் நேரம் அதிகாலை 2 மணி. தவறினால் கொம்பியூட்டர் சும்மா இருக்கும் நேரம் பார்த்துச் செய்யும். கடையிலோ இரவில் மெயின் சுவிட்ச்சையே அணைத்து விட்டுப் போகிறீர்கள், பகலில் அது ஒரு நிமிடம் சும்மா இருப்பதில்லை. எப்போதுதான் செய்யும்? ஆகவே மாதத்தில் ஒரு நாள், கடை பூட்டும் போது நீங்களே போட்டு விடுங்கள். தினமும் போடுவதால் வேகம் கூடாது. தலைக்கும் மோட்டருக்கும்தான் வீண் உழைப்பு.

போடும் முறையில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் குப்பையை அகற்றுங்கள். 'டிஸ்க் கிளீனப்' திறந்து 'கிளீனப் சிஸ்டம் பைல்ஸ்' கொடுத்தால் பழைய அப்டேட்டுகள், தற்காலிகப் பைல்கள் எல்லாம் போகும். உங்கள் கடையில் வட்ஸ்அப்பில் வந்து பிரிண்ட் எடுத்த பிறகு யாருக்கும் தேவைப்படாத அடையாள அட்டைப் பிரதிகள் 'டவுன்லோட்ஸ்' போல்டரில் ஆயிரக்கணக்கில் கிடக்கும். அவை அடுத்தவருடைய சொந்தப் பத்திரங்கள். வேகத்துக்காக இல்லாவிட்டாலும் அவற்றை வைத்திருக்கக் கூடாது. அழித்து விட்டுத்தான் டிபிராக். குப்பையை ஒழுங்காக அடுக்கிப் பிறகு வெளியே எறிவதில் பயனில்லை, எறிந்த இடத்தில் மறுபடி ஓட்டை விழும். சி டிரைவில் 15 வீதமாவது வெறுமையாக இருக்கட்டும். பஸ் முழுதும் நிரம்பியிருந்தால் யாரை எழுப்பி யாரை எங்கே உட்கார வைப்பது? பிறகு 'அனலைஸ்' அழுத்துங்கள். துண்டான அளவை 10 வீதத்துக்குக் குறைவாகக் காட்டினால் சும்மா விடுங்கள். கூட இருந்தால் 'ஒப்டிமைஸ்'.

இடையில் கரண்ட் போனால் எல்லாம் அழிந்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. 2022 மின்வெட்டுக் காலத்தில் என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இது. விண்டோஸின் டிபிராக் ஒரு பகுதியைப் புதிய இடத்தில் முழுதாக எழுதிய பிறகுதான் 'பைல் இப்போது இங்கே இருக்கிறது' என்று பதிவை மாற்றும். நடுவில் கரண்ட் போனாலும் பழைய இடத்தில் பைல் அப்படியே இருக்கும். ஆனாலும் யூபிஎஸ் இல்லாமல், வெட்டு வரும் என்று தெரிந்த நாளில் போட வேண்டாம். திடீர் நிறுத்தம் எந்த டிஸ்க்குக்கும் நல்லதில்லை.

லப்டொப்பில் சுழலும் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். அண்மைக் காலத்து 1 டிபி, 2 டிபி லப்டொப் டிஸ்க்குகள் பலவற்றில் தடங்கள் கூரை ஓடு போல ஒன்றின்மேல் ஒன்று ஏறி இருக்கும். கீழ் ஓட்டை மாற்ற மேலே உள்ளவற்றையும் கிளப்ப வேண்டும் அல்லவா, அதே கதைதான். அவற்றில் டிபிராக் மணிக்கணக்கில் இழுத்தால் டிஸ்க் பழுது என்று நினைக்க வேண்டாம்.

இனி அக்காவின் லப்டொப். எஸ்எஸ்டியில் கொண்டக்டர் நடப்பதே இல்லை. எந்த இருக்கையானாலும் ஏறக்குறைய ஒரே நேரம், 0.1 மில்லிசெக்கன் அளவில். துண்டுகளைச் சேர்த்து வைப்பதால் கண்ணுக்குத் தெரியும் பலன் வராது. அதற்குமேல், விண்டோஸ் 'இந்த இடம்' என்று நினைக்கும் இடம் எஸ்எஸ்டிக்குள் உண்மையில் வேறெங்கோ இருக்கும். தேய்மானம் பரவலாக இருக்கட்டும் என்று அது தானே இடம் மாற்றிக்கொள்ளும். நீங்கள் அடுக்குவதாக நினைப்பது உள்ளே அடுக்கப்படுவதே இல்லை, எழுதும் தடவைதான் கூடுகிறது. எஸ்எஸ்டியின் ஒவ்வொரு கலத்துக்கும் இத்தனை தரம்தான் எழுதலாம் என்று எல்லை இருக்கிறது.

அதற்காக விண்டோஸின் 'ஒப்டிமைஸ்' அட்டவணையையும் சேர்த்து நிறுத்தி விடாதீர்கள். நிறையப் பேர் செய்யும் தவறு அது. எஸ்எஸ்டியைக் கண்டால் அதே பொத்தான் வேறு வேலை செய்கிறது. 'டிரிம்' என்று பெயர். அழிக்கப்பட்ட பைல்கள் இருந்த இடங்களை 'இவை இனி வேண்டாம்' என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வது. அது தெரிந்தால்தான் எஸ்எஸ்டி அவற்றை முன்கூட்டியே துடைத்து வைத்து, அடுத்த எழுத்தை வேகமாக வாங்கும். விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்பும் 'சிஸ்டம் ரெஸ்டோர்' வசதி போட்டிருந்தால் விண்டோஸ் எப்போதாவது, மாதத்துக்கு ஒரு தரம் போல, எஸ்எஸ்டியிலும் கொஞ்சம் டிபிராக் செய்வதுண்டு. அது தெரிந்தே செய்வது, பயப்பட வேண்டாம். வெளியிலிருந்து இறக்கிய மென்பொருள்தான் வேண்டாம்.

பேஜ் பைலுக்கு வருகிறேன். உங்கள் கொம்பியூட்டர் மெதுவாவதன் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

சி டிரைவில் 'பேஜ்பைல்' என்ற பெயரில் மறைந்திருக்கும் பெரிய பைல் அது. ரேமில் இடம் முடியும்போது, கொஞ்ச நேரமாக யாரும் தொடாத தகவலை 'பக்கம்' என்ற சிறு துண்டுகளாக விண்டோஸ் அங்கே இறக்கி வைக்கும். ஒரு பக்கம் 4 கேபி. தேவைப்பட்டால் திரும்ப எடுக்கும். நண்பர் சொல்வது போல அது டிஸ்க்கை வீணாகத் தின்னவில்லை.

அதை ஏன் நிறுத்தக் கூடாது என்று உங்கள் கொம்பியூட்டரிலேயே காட்டுகிறேன். கடையில் வேலை மும்முரமாக இருக்கும் நேரம் கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறந்து, 'பெர்போமன்ஸ்', 'மெமரி' என்று போங்கள். கீழே 'கமிட்டட்' என்று இரண்டு எண்கள் இருக்கும். 5.6/7.9 ஜிபி என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் எண், ஓடும் மென்பொருள்களுக்கு விண்டோஸ் 'தருகிறேன்' என்று வாக்குக் கொடுத்த நினைவகம். இரண்டாவது எண், அது கொடுக்கக்கூடிய வாக்கின் எல்லை. அந்த எல்லை என்பது ரேமும் பேஜ் பைலும் சேர்ந்த தொகை. பேஜ் பைலை நிறுத்தினால் இரண்டாவது எண் 3.9 ஆகி விடும். 5.6 கேட்பவர்களை 3.9க்குள் எங்கே அடக்குவது? குரோம் பக்கங்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். வேர்டில் அடித்துக்கொண்டிருந்த வினாத்தாள் சேமிக்கும் நேரத்தில் 'நினைவகம் போதாது' என்று நிற்கும். வாடிக்கையாளர் பக்கத்தில் நிற்கும்போது அது நடக்க வேண்டுமா? வாக்குக் கொடுத்ததெல்லாம் உடனே பயன்படுத்தப்படுவதில்லை என்பதால், ரேமில் இடம் மிச்சமாகத் தெரியும்போதே இந்தப் பிழை வரும். அதனால்தான் பேஜ் பைலை நிறுத்தியவர்கள் காரணம் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. நீலத்திரை வந்து கொம்பியூட்டர் விழும்போது, எதனால் விழுந்தது என்ற பதிவை விண்டோஸ் முதலில் சி டிரைவில் உள்ள பேஜ் பைலில்தான் எழுதும். அது இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள் குருடன் யானையைத் தடவுவது போலத் தடவ வேண்டியதுதான்.

ஒன்றரை மடங்கு என்ற கணக்கு ரேம் மிகக் குறைவாக இருந்த காலத்தின் மிச்சம். அதைத் தலைகீழாகப் பாருங்கள்: 4 ஜிபி உள்ளவருக்கு 6 ஜிபி, 16 ஜிபி உள்ளவருக்கு 24 ஜிபி. ரேம் அதிகம் உள்ளவருக்கா பேஜ் பைல் அதிகம் வேண்டும்? உங்கள் வேலை எவ்வளவு கேட்கிறது என்பதுதான் அளவுகோல். கமிட்டட்டின் முதல் எண் உச்சத்தில் எவ்வளவு போகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். அதிலிருந்து ரேமைக் கழித்து, கொஞ்சம் தாராளமாக வையுங்கள். இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் விண்டோஸிடமே விட்டு விடுங்கள், நானும் பெரும்பாலும் அப்படித்தான் விடுகிறேன். 4 ஜிபி ரேமுக்கு அது ரேமின் மூன்று மடங்கு, அதாவது 12 ஜிபி வரை வளர விடும். டிரைவின் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாது.

டி டிரைவுக்கு மாற்றுவது பற்றி. 'டிஸ்க் மனேஜ்மெண்ட்' திறந்து பாருங்கள். சியும் டியும் ஒரே 'டிஸ்க் 0' வரிசையில் இருந்தால் அவை ஒரே தட்டின் இரண்டு பகுதிகள். தலை ஒன்றுதான். விண்டோஸை வாசிக்க சிக்கும், பேஜ் பைலுக்காக டிக்குமாக அது மாறி மாறி ஓட வேண்டி வரும், இன்னும் மெதுவாகும். அதோடு சி வழக்கமாகத் தட்டின் வெளி ஓரத்தில் இருக்கும், அங்கேதான் வாசிப்பு வேகம் கூட. உண்மையிலேயே தனியான இரண்டாவது டிஸ்க் இருந்தால் மட்டும் மாற்றுவதில் பயன் உண்டு.

பேஜ் பைலே துண்டாகிப் போனால்? விண்டோஸின் டிபிராக் அதைத் தொடாது, ஓடும்போது அது பூட்டியிருக்கும். எக்ஸ்பி காலத்தில் விண்டோஸ் நிபுணர் மார்க் ருசினோவிச் எழுதிய பேஜ் டிபிராக் என்ற சிறிய கருவி விண்டோஸ் எழும்பும் நேரத்தில் அதை ஒன்றாக்கித் தந்தது. விண்டோஸ் 10க்கு அது உதவாது. இப்போது கைவழி ஒன்றுதான்: பேஜ் பைல் அளவை மாற்றும் 'வேர்ச்சுவல் மெமரி' பெட்டியில் 'நோ பேஜிங் பைல்' கொடுத்து ரீஸ்டார்ட், வேறெதையும் திறக்காமல் டிபிராக், பிறகு தொடக்க அளவு 4096 எம்பி, உச்ச அளவு 8192 எம்பி என்று கொடுத்து மறுபடி ரீஸ்டார்ட். ஷட்டவுன் செய்து போட்டால் போதாது. விண்டோஸ் 10இல் 'பாஸ்ட் ஸ்டார்ட்டப்' இருப்பதால் ஷட்டவுன் பாதித் தூக்கம்தான். ரீஸ்டார்ட்தான் உண்மையான புதுத் தொடக்கம்.

இதை வருடத்துக்கு ஒரு முறை செய்தால் தவறில்லை, ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். மைக்ரோசொப்ட் 2009இல், விண்டோஸ் 7 வெளிவந்த வருடம், வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. பேஜ் பைலில் வாசிப்பும் எழுத்தும் 40க்கு 1 என்ற அளவில் நடக்கின்றன. வாசிப்புகளில் 67 வீதம் 4 கேபி அல்லது அதற்கும் சிறியவை. அதாவது பேஜ் பைல் ஒரே நீளமாகக் கிடந்தாலும் வாசிப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். செக்கனுக்கு 75 தாவல் என்ற கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். வெளியே போன 100 எம்பியைப் பக்கம் பக்கமாகத் திரும்ப எடுத்தால் 25,600 பக்கம், ஐந்தரை நிமிடத்துக்கு மேல். விண்டோஸ் பக்கத்துப் பக்கங்களையும் சேர்த்து அள்ளுவதால் நடைமுறையில் இவ்வளவு மோசமில்லை. ஆனாலும் வேர்ட் சுற்றிக்கொண்டே நிற்பது எதற்கு என்று இப்போது விளங்கும். டிபிராக் செய்தாலும் பேஜ் பைலை எங்கே நகர்த்தினாலும் தீராத இடம் இது. ரேம் போதவில்லை, மிச்சத்தைச் சுழலும் தட்டு சுமக்கிறது.

இதே கணக்கால்தான் எஸ்எஸ்டி உள்ளவர்கள் பேஜ் பைலை அதிலேயே வைக்க வேண்டும் என்கிறேன். 'தேய்ந்து போகும்' என்று அதைப் பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுகிறார்கள். சிறு சிறு வாசிப்புகள் அதிகம், எழுத்து குறைவு. எஸ்எஸ்டிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. அக்காவின் லப்டொப்பில் அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

ஆகவே உங்கள் கடைக்கு நான் சொல்வது: ரேமை 8 ஜிபி ஆக்குங்கள், சிறிய எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு விண்டோஸை அதில் ஏற்றுங்கள். இரண்டுக்கும் சேர்த்துக் காசு இல்லையென்றால் முதலில் எஸ்எஸ்டி, ஏனென்றால் அது தொடக்கத்தையும் பேஜ் பைலையும் ஒரே அடியில் வேகமாக்கும். பாவித்த எஸ்எஸ்டி மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்து விட்டது. இந்தக் கொம்பியூட்டரை எப்படியும் ஒரு நாள் மாற்றப் போகிறீர்கள், எஸ்எஸ்டியை அன்றைக்குக் கழற்றிப் புதியதில் போட்டுக்கொள்ளலாம். பழைய 500 ஜிபி டிஸ்க்கைக் கழற்றாமல் வாடிக்கையாளர் பைல்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாதாந்த டிபிராக் அதற்கு மட்டும்.

எதைச் செய்வதற்கு முன்னும் இன்று மாலை கடை பூட்ட முதல் கிறிஸ்டல் டிஸ்க் இன்போவைத் திறந்து அந்த மூன்று வரிகளையும் போனில் படம் எடுங்கள். பெண்டிங் செக்டர் பூச்சியமாக இல்லாவிட்டால் டிபிராக் போடாமல், உங்கள் முக்கியமான பைல்களை வெளி டிஸ்க் ஒன்றுக்குக் கொப்பி எடுத்துவிட்டுக் கொம்பியூட்டரை அணைத்து விடுங்கள். பிறகு அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.